பஸ்ஸிலிருந்து கத்திய செய்தி

1934ஆம் வருஷத்து நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முந்திய சனிக்கிழமை. கலகெதரையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ், கட்டுகஸ்தோட்டை வீதியில் பியட்றிஸின் வீட்டு வாசலில் நின்றது பாதி, நிற்காதது பாதியாக உருண்டது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் ரன்பண்டா, கையை வாயருகே குவித்து வீட்டைப் பார்த்துக் கத்தினான்.

“டொரதி நோனாட உண! என்ன கிவ்வா!”

கேக்குக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்த பியட்றிஸ் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்தாள். ரன்பண்டாவுக்கு அரைகுறைத் தமிழ் வரும். அவளுக்கு நாலைந்து சிங்களச் சொற்கள் தெரியும். யாழ்ப்பாணத்து இளவாலையிலிருந்து கலியாணமாகிக் கண்டிக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. அந்த நாலைந்து சொற்களையும் கற்றுக் கொடுத்தவள் டொரதிதான். கிவ்வா என்றால் ‘சொன்னாள்’. அது தெரியும். மீதியைத் தமிழ் என்று எடுத்துக்கொண்டாள்.

உண்ண என்ன இருக்கிறது என்று டொரதி கேட்டு அனுப்பியிருக்கிறாள்!

பியட்றிஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த காலத்தில் டொரதி தினமும் அடுப்படிக்கு வந்து சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பாள். “இன்னைக்கும் ஒடியல் கூழாடி? ஒங்க யாழ்ப்பாணத்துல பனைமரம் பட்டுப்போச்சுன்னா எல்லாரும் பட்டினிதான் போல” என்பாள். அவளுடைய தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். அப்பா கண்டி டவுனுக்கு இறங்கி வந்தவர். கேலியிலும் வேலையிலும் அவளை யாரும் மிஞ்ச முடியாது. பியட்றிஸும் கணவன் அம்புறோஸும் மழையில் கண்டி ரயில் நிலையத்தில் இறங்கி, பார்த்து வைத்த வீடு கைநழுவிப் போய் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தபோது, கோயிலில்கூடக் கண்டிராத அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தவன் டொரதியின் புருஷன் அந்தோனிமுத்து. அவனைத்தான் ஐப்பசியில் முதலாளி கலகெதரைக் கடைக்கு மாற்றினார். மிளகும் பாக்கும் வாங்கி அனுப்புகிற வேலை. டொரதி குழந்தை கிறேஸை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதபடி பஸ் ஏறினாள். நத்தார்ச் சாப்பாடு பியட்றிஸ் வீட்டில்தான் என்று அன்றைக்கே பேச்சு.

“எல்லாம் இருக்கு எண்டு சொல்லு! கெதியா வரச் சொல்லு!” என்று பியட்றிஸ் திருப்பிக் கத்தினாள்.

ரன்பண்டா கண்ணைச் சுருக்கினான். ஏதோ கேட்க வாயெடுத்தான். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. பஸ் போய்விட்டது.

அந்த வார்த்தை அவளை இரண்டு நாட்கள் ஓட வைத்தது. உண்ண என்ன என்று கேட்டவளுக்குக் காட்டிவிட வேண்டும்! கோழி, கஜு, முந்திரிகை வத்தல், இஞ்சிப் பாகு, வர்ணக் கடதாசி, பட்டாசு. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் அம்புறோஸுக்கு மேலே இருக்கும் பெரிய கிளாக்கர் சுந்தரலிங்கமும் மனைவியும் நத்தாருக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்ததால் அம்புறோஸும் தாராளமாகவே இருந்தான். பத்திரிகையில் மலேரியாக் காய்ச்சல் பரவுவதைப் பற்றிப் போட்டிருந்தார்கள். “அது குருநாகல், கேகாலைப் பக்கம்” என்று சொல்லிப் பத்திரிகையை மடித்து வைத்தான். கலகெதரை குருநாகல் பாதையில்தான் இருக்கிறது என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை, நத்தாருக்கு முதல் நாள், றவூப்பின் புடவைக் கடையில் நிற்க இடமில்லை. அம்புறோஸ் கைநிறையப் பொட்டலங்களோடு வாசலில் ஒதுங்கி நின்றான். பியட்றிஸ் விறாந்தைக்குத் திரைச்சீலையும், கிறேஸுக்குச் சட்டைத் துணியும், டொரதிக்கு ஒரு சேலையும் தெரிந்தெடுத்தாள்.

“என்ன தங்கச்சி, கடையையே அள்ளிட்டுப் போறீங்க? விருந்தாளி ஆரு?” என்றார் றவூப்.

“இவரின்ரை பெரிய கிளாக்கர் வாறார். அதைவிட என்ரை டொரதி வாறாள், நானா. உண்ண என்ன எண்டு கேட்டுப் பஸ்காரனிட்டைச் சொல்லி விட்டவள். வாய்க்கொழுப்பைப் பாருங்கோவன்!”

றவூப்பும் சிரித்தார். டொரதியை அவருக்கு நன்றாகத் தெரியும். பேரம் பேசி அவரை அழ வைக்கக்கூடியவள். துணியை அளந்துகொண்டே, “ஆனா அவ உண்ண எண்டு பேச மாட்டாவே. சாப்பிட எண்டுதானே செல்லுவா. உங்களோட சேர்ந்து அவவும் யாழ்ப்பாணமாயிட்டாவோ?” என்றார்.

பியட்றிஸின் சிரிப்பு பாதியில் நின்றது. உண்மைதான். டொரதி வாயில் அந்தச் சொல் வந்து அவள் கேட்டதே இல்லை.

“பஸ்காரன் ஆரு? தமிழனா?”

“ரன்பண்டா.”

“அவன்ட வாயால வந்ததை அப்பிடியே செல்லுங்க பாப்பம்.”

அவள் சொன்னாள். டொரதி நோனாட உண. என்ன கிவ்வா.

றவூப் கஜக்கோலை மேசையில் வைத்தார். “யா அல்லாஹ்! தங்கச்சி, அது தமிழில்ல. உண எண்டா சிங்களத்தில காய்ச்சல். என்ன எண்டா வா. டொரதிக்குக் காய்ச்சல், வரச் செல்லிச்சு. அதைத்தான் அவன் கத்தீக்கிறான்.”

கடையின் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போனது.

“எப்ப செய்தி வந்திச்சு?” என்று கேட்டார் றவூப்.

“சனிக்கிழமை.”

றவூப் தாழ்ந்த குரலில், “கலகெதரையில எங்கட மச்சான் ஒருத்தர் இந்தக் காய்ச்சலில மௌத்தாப் போய் ஒரு கிழமை ஆகல்ல. சுணங்காதீங்க” என்றார்.

அவள் வெட்டாத துணியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். விஷயத்தைக் கேட்ட அம்புறோஸ் முதலில் திகைத்தான். பிறகு நியாயம் பேசத் தொடங்கினான்.

“பதறாதையும். காய்ச்சல் எண்டால் ஆருக்கும் வாறதுதானே. அந்தோனிமுத்து பக்கத்தில இருக்கிறான். நாளைக்குப் பெரிய கிளாக்கர் வந்திட்டுப் போகட்டும். நாளையிண்டைக்குக் காலமை ரெண்டு பேருமாப் போவம்.”

“இஞ்சேருங்கோ, அவள் என்னை வரச் சொன்னவள். நான் சிரிச்சனான். வாசலில நிண்டு சிரிச்சனான்!”

“சமையல் ஆர் செய்யிறது? அந்த மனுஷனுக்கு நான் என்ன சொல்லுறது?”

“பசிச்சால் அவர் தன்ரை வீட்டில சாப்பிடட்டும்.”

வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிற்கவில்லை. மருந்துக் கடையில் மலேரியாவுக்கான கொயினா வில்லைகள் வாங்கினாள். பஸ்ஸுக்கு ஓடும்போது பின்னால் மூச்சிரைக்க வந்த றவூப், ஒரு கம்பளியை அவள் தோளில் போட்டுவிட்டு, “அங்க குளிருக்கு நடுங்குவாங்க” என்று மட்டும் சொல்லித் திரும்பினார்.

சந்தைக்குப் பக்கத்தில் நின்ற கலகெதரை பஸ்ஸில் ரன்பண்டாவே இருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, அடுத்த கணமே குழம்பியது.

“அம்மா ஏன் போறது? டொரதி நோனா இங்க வாறதுதானே?”

“என்ன சொல்லுறாய்?”

“அம்மா சொன்னது நான் போய்ச் சொன்னது. எல்லாம் இருக்கு, கெதியா வா. அம்மா சிரிச்சது ஏன் எண்டு எனக்குத் தெரியாது. நோனா கேட்டு அழுதது. சந்தோஷம். மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் பியட்றிஸ் பார்த்தது, இனிப் பயமில்ல, அப்பிடிச் சொன்னது. காய்ச்சல் குறைஞ்சா திங்கக்கிழமை வாறது சொன்னது.”

திங்கட்கிழமை என்றால் இன்றைக்கு.

பியட்றிஸ் எழும்ப முடியாதவளை எழும்பி வரச் சொல்லியிருக்கிறாள். ஒன்றும் ஏற்பாடு செய்யாமல், எல்லாம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். டொரதி அதை நம்பியிருக்கிறாள்.

பஸ் மகாவலிப் பாலத்தைக் கடந்து கீழே இறங்கியது. எதிரே வந்த ஒரேயொரு பஸ்ஸை அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். டொரதி அதில் இல்லை. ஒரு வளைவுக்குப் பிறகு வீதியில் ஆள் நடமாட்டமே குறைந்தது. தென்னைகளுக்கு நடுவே இருந்த வீடுகளில் புகை இல்லை. வயல் காய்ந்து கிடந்தது. மழை பெய்யாத வருஷம். ஆறு வற்றி, குட்டை குட்டையாகத் தேங்கி, அதில் கொசு மண்டியிருந்தது. முற்றங்களில் வெயிலில் பாய் போட்டு, வெயிலிலும் போர்த்திக்கொண்டு மனிதர்கள் சுருண்டு கிடந்தார்கள்.

கலகெதரைச் சந்தியில் கடைகள் பாதிக்கு மேல் பூட்டு. மருந்து கொடுக்கிற இடத்தின் முன்னால் மரத்தடியில் பெரிய கூட்டம், ஆனால் சத்தமே இல்லை. பேச ஒருவருக்கும் தெம்பு இல்லை. “பஸ் திரும்புறது கொஞ்சத்தில். அதுக்குப் பிறகு இண்டைக்குப் பஸ் இல்ல” என்று ரன்பண்டா எச்சரித்தான்.

மிளகுக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. கதவு திறந்து கிடந்தது. அந்தோனிமுத்து சாக்குகளைப் போர்த்திக்கொண்டு நிலத்தில் கிடந்தான். முன்பு கண்ட மனிதனே இல்லை. கன்னம் ஒட்டி, கண் மஞ்சளாகி இருந்தது.

“அண்ணை, டொரதி எங்கை?”

அவன் அவளை வெகுநேரம் பார்த்தான். “நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? அவ ஒங்ககிட்டத்தானே வந்தா. விடிஞ்சதும் புள்ளையத் தூக்கிக்கிட்டு கெளம்பிட்டா. நீங்க வரச் சொன்னீங்களாமே.”

“பஸ் ஏறினவளோ?”

“தெரியாதுங்க. என்னால வாசலுக்கே போக முடியல. கண்டிக்குப் போயி எனக்கு ஆள் அனுப்புறேன்னா.” அவன் எழும்ப முயன்று சரிந்தான். “அப்ப அவ வந்து சேரலையா? சொல்லுங்க தங்கச்சி, வந்து சேரலையா?”

அவள் கொயினாவை அவன் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்து அறையில் ஆஸியா உம்மா என்ற கிழவி மட்டும்தான் காலில் நிற்கக்கூடியவள். அவளுடைய இரண்டு மகன்களும் விழுந்து கிடந்தார்கள். “நான் பாத்துக்குவன் மகள். நீங்க அந்தப் புள்ளையைத் தேடுங்க. காலத்தால வேற பஸ் ஒண்டில ஏத்த மாட்டன் எண்டு சத்தம் போட்டது கேட்டிச்சு. பெறகு அவ ரோட்டோட கண்டிப் பக்கம் நடந்து போனதைக் கண்டேன். கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல்ல” என்றாள்.

நடந்து! காய்ச்சலோடு, பிள்ளையோடு, கண்டிக்கு!

“அண்ணை, நீங்களும் வாங்கோ, நான் பிடிக்கிறன்” என்று பியட்றிஸ் அவன் தோளுக்குக் கீழே கை கொடுத்தாள். ஒரு அடிகூட வரவில்லை. சந்தியில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

“என்னைய விடுங்க!” என்று அவன் அவள் கையைத் தள்ளினான். அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. “மொதல்ல அவளப் பாருங்க! போங்க!”

பஸ்ஸில் ஏற்கெனவே ஆட்கள் நெருக்கியிருந்தார்கள். வாழைக்குலை, கூடை, கோழிகள். எல்லாம் கண்டிப் பண்டிகைச் சந்தைக்கு. பியட்றிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிதிபலகையில் நின்று வீதியோரத்தையே பார்த்து வந்தாள். வரும்போது இதே வீதியில்தான் வந்தாள். எதிரே வந்த பஸ்ஸையே பார்த்தாள். ஓரத்தைப் பார்க்கவில்லை.

பாதையோரத்தில் வழிப்போக்கர் தங்குகிற அம்பலம் ஒன்று வந்தது. ஓட்டுக்கூரை, நாலு கல்தூண், இடுப்பளவு சுவர். சுவருக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் அழுகை, கத்திக் கத்தி ஓய்ந்துபோன அழுகை, பஸ்ஸின் இரைச்சலுக்கு நடுவே கேட்டது.

“நிப்பாட்டு!”

பஸ் நிற்கும் முன்பே குதித்து விழுந்து எழும்பி ஓடினாள். சுவருக்கு உட்புறம் டொரதி தூணில் சாய்ந்து கிடந்தாள். கால் இரண்டும் புழுதி. உதடு வெடித்திருந்தது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கிறேஸ் தாயின் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

“டொரதி! நான் பியட்றிஸ். என்னைப் பாரடி!”

டொரதியின் கண் பாதி திறந்தது. “வந்துட்டேன்டி” என்றாள். “கொஞ்சம் லேட்டாயிருச்சு.”

அவள் தன் வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைக்கிறாள் என்பது பியட்றிஸுக்குப் புரிந்தது. வாய்விட்டு அழ நேரமில்லை. கம்பளியைச் சுற்றித் தூக்கினாள். ரன்பண்டாவும் வந்து பிடித்தான்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். காய்ச்சல்காரியை ஏற்றாதே என்றார்கள். தொற்றும் என்றார்கள். ஒருவன் தமிழிலேயே, “நாங்க பெருநாளுக்கு யாவாரத்துக்குப் போறோம். பொணத்தோட போகவா?” என்றான். டிரைவர் எஞ்சினை நிறுத்தாமல் திரும்பிப் பார்க்காமல் இருந்தான்.

பியட்றிஸ் டொரதியை மிதிபலகையில் சாய்த்தாள். குழந்தையை ரன்பண்டாவின் கையில் கொடுத்தாள். போய் பஸ்ஸின் முன்னால், எஞ்சின் மூஞ்சியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏத்தாமல் போறதெண்டால் எனக்கு மேல ஏத்திக்கொண்டு போங்கோ.”

எஞ்சின் அவள் கைக்குக் கீழே அதிர்ந்தது. பிறகு ரன்பண்டா குழந்தையை இடுப்பில் வைத்தபடியே பின்பக்கம் போய், ஆசனத்தில் இருந்த வாழைக்குலைகளையும் கூடைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வீதியில் வைக்கத் தொடங்கினான். ஒரு கூடைக்காரன் கையை ஓங்கினான். ரன்பண்டா சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னான். அது என்ன என்று பியட்றிஸுக்கு விளங்கவில்லை. ஓங்கிய கை இறங்கியது. அந்த மனிதன் தன் கூடையைத் தானே மடியில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினான்.

கண்டி பெரியாஸ்பத்திரியில் கட்டில் இல்லை. விறாந்தை முழுவதும் பாய்கள். டொரதிக்கும் ஒரு பாய் கிடைத்தது. ஊசி போட்டார்கள். மாலையில் திரை ஒன்றை இழுத்து மறைத்துவிட்டு, பியட்றிஸை வெளியே நிற்கச் சொன்னார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் திருச்செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“காய்ச்சல் இறங்கும். உயிருக்குப் பயமில்லை எண்டு காலமை சொல்லலாம் போல இருக்கு. ஆனால் பிள்ளை தங்கேல்லை.”

“பிள்ளை என்னோடைதான் நிக்குது, டாக்டர்.”

அவர் கிறேஸைப் பார்த்தார். பியட்றிஸைப் பார்த்தார். “வயித்தில இருந்தது. மூண்டு நாலு மாசம் இருக்கும். உமக்குச் சொல்லேல்லையோ?”

நத்தாருக்கு வந்து சொல்லலாம் என்று வைத்திருந்திருப்பாள். பியட்றிஸ் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். கோயில் மணி அடித்ததையும், வீதியில் பட்டாசு வெடித்ததையும் எப்போது விடிந்தது என்பதையும் அவள் கவனிக்கவில்லை.

காலையில் அம்புறோஸ் தேடி வந்தான். முகம் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டிருந்தான். “ராத்திரி முழுக்க உம்மைத் தேடினனான். ஒரு சொல் அனுப்பக்கூடாதோ? மத்தியானம் சுந்தரலிங்கம் ஐயா...” என்று தொடங்கியவன், பாயில் கிடந்தவளைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“அந்தோனிமுத்து அங்கை தனியக் கிடக்கிறார்” என்றாள் பியட்றிஸ். “நான் விட்டிட்டு வந்தனான். இண்டைக்குப் பஸ் இல்லை.”

அம்புறோஸ் வீட்டுச் சாவியை எடுத்துப் பார்த்துத் திரும்பப் பையில் போட்டான். படியிறங்கி, வாடகைக் கார் நிற்கும் பக்கமாக ஓடினான்.

வெயில் ஏறியபோது டொரதி கண்ணைத் திறந்தாள். இந்த முறை தெளிவாகத் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், வரிசைப் பாய்களைப் பார்த்தாள், கையை மெதுவாக வயிற்றுக்குக் கொண்டுபோனாள். ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“அவரு?”

“இவர் கூட்டி வரப் போயிருக்கிறார்.”

“எல்லாம் இருக்குன்னு சொன்னியேடி.” குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பியட்றிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். எப்படிக் கேட்டது, எப்படிச் சிரித்தது, இரண்டு நாள் கடை கடையாக எதை எதை வாங்கியது என்று ஒன்றையும் மறைக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அது இன்னொரு பாரமாக அவள் தலையில்தான் ஏறும் என்று பட்டது.

டொரதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய முதுகு நடுங்குவது கம்பளிக்கு மேலாகத் தெரிந்தது. பியட்றிஸ் கையை நீட்டி, தொடாமல் எடுத்துக்கொண்டாள். போகவும் இல்லை.

மத்தியானம் படியடியில் கார் நின்றது. அம்புறோஸும் டிரைவரும் அந்தோனிமுத்துவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். அம்புறோஸின் புதுச் சட்டை முழுவதும் வாந்திக் கறை. அந்தோனிமுத்துவை அடுத்த பாயில் கிடத்தியதும் அவன் கை நிலத்தில் தடவித் தடவி டொரதியின் தலைமயிரைத் தொட்டது. அவள் திரும்பவில்லை. ஆனால் அழுகை நின்றது.

“சுந்தரலிங்கம் ஐயாவையள் இப்ப வீட்டு வாசலில நிப்பினம்” என்றான் அம்புறோஸ்.

“நிக்கட்டும். கதவு பூட்டித்தானே கிடக்கு.”

அவன் சுவரோரமாக நிலத்தில் உட்கார்ந்தான். பியட்றிஸின் மடியில் கிறேஸ் புரண்டு சிணுங்கினாள்.

சுவரைப் பார்த்தபடியே டொரதி கேட்டாள்: “புள்ள என்னா சாப்பிட்டா?”

“பாலும் பாணும். கொஞ்சந்தான் திண்டவள்.”

“தல சீவி விட்டியா?”

“இல்லை. சீப்பு இல்லை.”

“கையால கோதி விடு. சிக்குப் புடிச்சிரும். இழுக்காதே, கத்துவா.”

பியட்றிஸ் குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்தாள். புழுதி படிந்த அந்தச் சின்னத் தலையில் விரல்களை விட்டு, மெல்ல மெல்ல, இழுக்காமல் கோதத் தொடங்கினாள்.